தேரியைத் தின்ற தவளை

கருக்குவிளையில் முதலில் மண் குடியேறும். அது விட்டுவைத்த மிச்சத்தில்தான் மனுசன் குடியிருப்பான். ஊருக்கு மேற்கே தேரி, தேரிக்கு அந்தப் பக்கம் தார்ரோடு. தேரி என்றால் செக்கச்செவேல் என்று கிடக்கிற மணல்மேடு, தூரத்திலிருந்து பார்த்தால் யானைக்கூட்டம் படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும், ஆடி மாசம் மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் அந்த யானைகள் எழுந்து ஊருக்குள் வரும், வந்து முற்றத்தில் படுக்கும், அடுப்பில் படுக்கும், சோற்றில் படுக்கும், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் காதுமடலில்கூடப் படுக்கும். மேலத்தெருவை அது முழுசாகவே மூடிவிட்டது. ஓட்டு முகடுகள் மட்டும் வெளியே தெரியும், அதன்மேல் ஆடுகள் ஏறி நின்றுகொண்டு ஊரைப் பார்க்கும்.

அந்தத் தேரியைத் தாண்ட பஸ்ஸுக்குத் தெரியாது, ஆட்டோ பாதியிலேயே புதைந்து அழும், பைக்கைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பதில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். தாண்டுகிற ஒரே வண்டி சொர்ணக்கிளியின் ஏடிவிதான். கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஆடுமே, நாலு தடித்த சக்கரமும் பைக் மாதிரி கைப்பிடியும் வைத்து, அது. கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்து வைத்திருந்த நகையை எடுத்துக்கொண்டு போய் விற்று, செகண்ட் ஹேண்டில் அதை வாங்கி, தேரி உச்சியிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே அவள் இறங்கி வந்த அன்றைக்கு அம்மா வாசலில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்தாள். "மாப்பிள்ளை வந்தா பெட்ரோல் போட்டா ஓடுவானாம்மா?" என்று சொர்ணக்கிளி கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. குடிதண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் ஏறி இறங்கினார்கள். மேட்டில் அது தாவுகிற தாவலைப் பார்த்து ஊர் அதற்குத் தவளை என்று பேர் வைத்தது.

தவளைக்குக் காயம் பட்டது ஒரு ஆவணி மாசத்துக் காலையில். பின்னால் அண்ணன் பெண்டாட்டி, மைனி பட்டுக்கனி, சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேரி இறக்கத்தில், மணலுக்குள் மறைந்து கிடந்த ஒரு பனங்கருக்கு, அதுதான் பனைமட்டையின் ரம்பப்பல் விளிம்பு, வண்டியின் அடிவயிற்றைச் சர்ரென்று கீறியது.

"எளா, நிறுத்து. என்னமோ கிழிஞ்ச சத்தம் கேக்கு."

"ஒங்க சேலையா மைனி?"

"என் சேலைன்னா நான் இப்படிப் பைய சொல்லுவனா? ஊரையே கூட்டியிருக்க மாட்டனா? அடியில பாரு."

ஊர் வாசலில், தேரிமாடன் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, குப்புறப் படுத்து, சொர்ணக்கிளி பார்த்தாள். முன்பக்கத்து இடது சக்கரத்துக்குப் போகிற இரும்புத் தண்டின் மூட்டில் ஒரு ரப்பர் உறை இருக்கும், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக. ஆக்ஸில் பூட் என்பார்கள். உள்ளே கிரீஸ் வெளியே போகாமலும் வெளியே மண் உள்ளே வராமலும் காப்பது அதன் வேலை. அது வாய் பிளந்திருந்தது. கிழிந்தால் கிரீஸ் தெறிக்கும், அது உலகத்து வழக்கம். இங்கே ஒரு சொட்டு தெறிக்கவில்லை. மாறாக, தரையிலிருந்து மணல் நூல்நூலாக எழுந்து, சிவப்புப் பட்டு நூல் ராட்டினத்துக்குப் போகிற மாதிரி அந்தக் கிழிசலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், சூடான காப்பியை உறிஞ்சுகிற சத்தம். வண்டி ஆஃப் செய்துதான் இருந்தது.

"என்னளா?" என்றாள் மைனி.

"மண்ணு திங்கி."

"திங்கட்டும். மொதல்ல சிலிண்டரை எறக்கு, உலை வைக்கணும்."

சிலிண்டரை இறக்கி, உலை வைத்து, சோறு வடித்து, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கோயில் முன்னால் கழுத்தளவு நின்ற மணல்திட்டு இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. சாயங்காலம் முழங்காலளவு. மறுநாள் விடிந்தபோது அந்த இடத்தில் ஊரில் யாரும் பார்த்தே இராத ஒரு கல்படி தெரிந்தது. ஏன் தின்கிறது, தின்பது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் ஏன் என்றா கேட்கிறோம், பாத்திரத்தைத்தானே எடுத்து வைக்கிறோம். அப்படித்தான் கருக்குவிளைப் பெண்கள் பெருக்குகிற வாரியலையும் மண் அள்ளச் சுளகையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டு மண்ணை அள்ளி வந்து கிழிசலுக்கு நேராகக் கொட்டினார்கள், அது தின்றது. முற்றத்து மண்ணைக் கொட்டினார்கள், தின்றது. பாயை உதறினார்கள், தலையணையை உதறினார்கள், தலையைக்கூட உதறினார்கள், எல்லாவற்றையும் தின்றது, ஏப்பம் மட்டும் விடவில்லை.

அந்த முதல் நாட்களில் சொர்ணக்கிளிக்கும் சந்தோசம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. மேலத்தெருவுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியதே அவள்தான். நாளுக்கு ஒரு திண்டு உயரம் மணல் இறங்கியது, முகடு போய் ஓடு வந்தது, ஓடு போய் சன்னல் வந்தது, சன்னல் போய் வாசப்படி வந்தது. ஒரு வீட்டுக்குள் இட்லிக் கொப்பரை அடுப்பிலேயே இருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் நாள்காட்டி ஆடிப் பதினெட்டில் நின்றது. தண்ணீர் கிணறு ஒன்று வெளியே வந்தது, எட்டிப் பார்த்தால் அடியில் மணல், அதுவும் போனபின் எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. பம்பாயில் கடை வைத்திருந்தவர்கள் ரயிலேறி வந்து தங்கள் வீட்டு நிலைக்கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆடுகளுக்கு மட்டும் வருத்தம்; ஏறி நிற்க முகடு எட்டவில்லை.

ஒரு நல்லது நடந்தால் அதற்கு மாலை போடாமல் விடுகிற ஊரா அது? ஊர்த்தலைவர் வெள்ளத்துரை முதல் மாலையைப் போட்டார். தவளையைத் தள்ளிக்கொண்டு வந்து கோயில் முன்னால் நிறுத்தி, சக்கரத்துக்கு மஞ்சள், ஹெட்லைட்டுக்குச் சந்தனம், கைப்பிடிக்குப் பட்டுத்துணி. பம்பாய்க்காரர் ஒருவர் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். இன்னொருவர் சுற்றி இரும்புக் கம்பி அடைத்துக் கொடுத்து அதில் தன் பேரை எழுதிக்கொண்டார். தேரிமாடன்தான் வண்டிக்குள் இறங்கித் தின்கிறான் என்று சொல்லி, தவளைச்சாமி என்று மைக் செட்டில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். மண்ணைத் தின்கிற சாமி கல்லையும் தின்னும் என்று கிட்னியில் கல் இருக்கிறவர்கள் வந்தார்கள். மணல் லாரிக்காரர்களும் வந்தார்கள். கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டு, விற்கிற சாமானை இப்படி வீணாக்குவது பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொர்ணக்கிளியின் சித்தப்பா சுயம்புலிங்கத்துக்கு யோகம் அடித்தது. அவர்தான் தேரிமாடனுக்குச் சாமியாடி. இத்தனை காலம் வருசத்துக்கு ஒருநாள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆடிவிட்டு மற்ற நாள் பீடி பிடித்துக்கொண்டு திரிந்தவர், இப்போது காலையும் மாலையும் திருநீற்றுத் தட்டோடு தவளையின் பக்கத்தில் நின்றார்.

எல்லாருக்கும் ஒன்று கிடைத்தது. சொர்ணக்கிளிக்கு இருந்த ஒன்றும் போனது. காலையில் எழுந்ததும் வண்டிச் சாவியை எடுப்பாள், கம்பி அடைப்பு வரைக்கும் போவாள், அதில் தலைவர் போட்டிருந்த பூட்டைப் பார்ப்பாள், திரும்பி வருவாள். தின்றது எல்லாம் ஊருக்குள் இருந்த மண்தானே, தார்ரோட்டுக்குப் போகிற தேரி அப்படியேதான் கிடந்தது. அதனால் மைனி சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு தேரி ஏறினாள், மற்றப் பெண்கள் அரிசிமூட்டையோடு ஏறினார்கள், சாமிக்குத் தேங்காய் பழம்கூட நடந்துதான் வந்தது. கம்பிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து அவள் காதைக் கொடுப்பாள். ஸ்ஸ்ஸ் என்ற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது, கறுக், கறுக் என்று, பல்லைக் கடிக்கிற மாதிரி. கிரீஸ் இல்லாமல் இரும்பு இரும்பைத் தேய்க்கிற சத்தம். இப்படியே விட்டால் மூட்டு போகும், மூட்டு போனால் தண்டு போகும், அப்புறம் அது சாமியாக மட்டும்தான் இருக்க முடியும், வண்டியாக இருக்க முடியாது.

புது ரப்பர் உறைக்கு ஆர்டர் போட்டாள். பார்சல்காரன் தேரி ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, பெட்டியைக் கொண்டுவந்து ஊர் நடுவில் நின்று, "ஏடிவி ஆக்ஸில் பூட் கிட்டு, சொர்ணக்கிளி யாரு?" என்று சத்தம் போட்டுக் கேட்டான். அவ்வளவுதான். அன்றைக்கே கூட்டம் போட்டுவிட்டார்கள்.

"எளா சொர்ணம்," என்றார் வெள்ளத்துரை, "அந்த ரப்பரை மாட்டுனா சாமி வாயைத் தச்ச மாதிரி ஆயிரும்."

"அது வாய் இல்ல மாமா, கிழிசல்."

"நமக்குத்தான் கிழிசல். அதுக்கு வாயி."

"வண்டி என் வண்டி."

"ஒன் வண்டிதான், யாரு இல்லன்னா? பெத்த பிள்ளை கலெக்டரானா வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுன்னு சொல்லுவியா?"

கூட்டம் சிரித்தது. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொடை முடியட்டும், பாப்போம்," என்றார்.

"கொடை முடிஞ்சா அடுத்த ஆடி முடியட்டும்பீங்க. அதுக்குள்ள மூட்டு பொடியாப் போயிரும் சித்தப்பா. அப்ப ஒங்க சாமி எதை வச்சுத் திங்கும்?"

"வாயை அடக்கிப் பேசுளா, மூதி," என்றார் சித்தப்பா. அவள் வாயை அடக்கவில்லை, ஆனால் பூட்டும் திறக்கவில்லை.

புரட்டாசி வந்தபோது ஊருக்குள் பொட்டு மணல் மிச்சமில்லை. கருக்குவிளைத் தெருக்கள் கழுவின தட்டு மாதிரி கிடந்தன. தவளைக்குப் பசி நிற்கவில்லை. முதலில் வெள்ளத்துரை வீட்டுத் திண்ணைக் காரை நூலாகப் பிரிந்து காற்றில் மிதந்து போனது. அப்புறம் மண்சுவர்கள். சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே கண்ணெதிரில் சுவரிலிருந்து ஒரு சிவப்பு நூல் கிளம்பும், வாசலைத் தாண்டும், தெருவில் மற்ற வீட்டு நூல்களோடு சேர்ந்து கயிறாகத் திரியும், கோயில் பக்கம் போகும். துணி காயப்போட்ட கொடி என்று நினைத்து அதில் ஒருத்தி பாவாடையைக்கூடப் போட்டுவிட்டாள், பாவாடை கம்பி அடைப்பு வரைக்கும் போய்விட்டது.

அப்போதாவது புத்தி வந்ததா? சாமிக்குப் பசி என்றார்கள். சுவரைத் தின்னாமலிருக்க வேண்டுமானால் வேறு கொடுக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் முதல் கருக்குவிளை ஆணும் பெண்ணும் பனையோலைக் கடவப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தேரிக்குப் போய், மணலை வெட்டி, சுமந்து, ஊருக்குள் கொண்டுவந்து தவளைக்கு முன்னால் கொட்டினார்கள். பிறந்ததிலிருந்து மணலை வெளியே தள்ளிய ஊர், இப்போது கழுத்து நரம்பு புடைக்க மணலை உள்ளே சுமந்தது. தலைவரும் சுமந்தார். சித்தப்பாவும் சுமந்தார். மைனி ஒரு நடை சிலிண்டர், ஒரு நடை மணல் என்று சுமந்தாள்.

"எதுக்கு மைனி சுமக்கிய?" என்று கேட்டாள் சொர்ணக்கிளி.

"ஊரோட சுமக்கேன்."

"ஊருக்கு லூசு பிடிச்சிருக்கு."

"அது எனக்கும் தெரியும்ளா. ஆனா நான் ஒருத்தி மட்டும் சுமக்காம நின்னா என் வீட்டுச் சுவரு போயிரும்லா." பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மைனி சொன்னாள், "நாம சொன்னா எவன் கேப்பான்? சாமியே வந்து வேண்டாம்னு சொன்னாத்தான் உண்டு."

சொர்ணக்கிளி மைனியின் பெட்டியைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டாள். அப்புறம் வீட்டுக்குப் போய், நட்டுக் கழற்றுகிற பானாக்களை எடுத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க ஆரம்பித்தாள்.

கொடை நாள். மத்தியானப் பூசை. மகுடமேளம் அடித்து, நாதசுரம் கிழிந்து, குலவைச் சத்தம் தகரக் கூரையில் பட்டு எதிரொலித்தது. சுயம்புலிங்கம் சித்தப்பா மஞ்சள் தண்ணியில் நனைந்து, சலங்கை கட்டின காலோடு, கையில் வெட்டரிவாளோடு நின்றார். மேளம் ஏறஏற அவர் தோள் துடித்தது, கண் மேலே போனது, ஒரு துள்ளலில் அவர் போய் தேரிமாடன் வந்துவிட்டான். கருக்குவிளையில் ஒரு சட்டம் உண்டு: சாமி இறங்கி நிற்கும்போது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்கிறவர் வாயை யாரும் அடைக்கக்கூடாது, கேட்டதற்குச் சாமி பதில் சொல்லியே ஆகவேண்டும். ஒருத்தி பிள்ளைவரம் கேட்டாள். ஒருத்தன் துபாய்க்கு விசா கேட்டான். காணாமல்போன ஆட்டை ஒருத்தர் கேட்டார், அது மேலத்தெரு முகட்டைத் தேடி அடுத்த ஊருக்குப் போயிருக்கிறது என்று சாமி சொன்னது.

சொர்ணக்கிளி இடுப்பில் பானாவைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏ, இவளைப் பிடிங்கடா," என்றார் வெள்ளத்துரை. யாரும் பிடிக்கவில்லை. சட்டம் சட்டம்தான்.

"தேரிமாடா," என்றாள். சித்தப்பாவை நீங்க என்பவள், சாமியை நீ என்றாள். சாமிக்கு அதுதான் மரியாதை. "ஆவணியிலேருந்து மண்ணா திங்கியே. கேக்கேன்னு தப்பா நெனைக்காத. ஒனக்கு வலிக்கலியா?"

மேளக்காரர் கை தானாக நின்றது. ஸ்ஸ்ஸ் என்ற சத்தமும், அதற்கு அடியில் கறுக், கறுக் என்ற சத்தமும் ஊருக்கே கேட்டது, ஊர் அன்றைக்குத்தான் அதை முதல்முறையாகக் காதில் வாங்கியது.

அரிவாள் தாழ்ந்தது. இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சலங்கை குலுங்க, சாமி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது.

"வலிக்கி," என்றது. "ரொம்ப வலிக்கி தாயி. எவனும் கேக்கலியே. கொண்டு வந்து கொட்டுதான், கொண்டு வந்து கொட்டுதான், ஒருத்தனும் போதுமான்னு கேக்கலியே." சொல்லிவிட்டுச் சாமி குலுங்கிக் குலுங்கி அழுதது. மணல்பெட்டி சுமந்து வீங்கின சித்தப்பாவின் முட்டி அழுததா, மாடனின் முட்டி அழுததா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அழுதது நிஜம். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். பிரசவ வலி, தலைச்சுமை வலி, இடுப்பு வலி என்று ஆளுக்கொரு வலி இருந்தது, ஒருத்தரும் கேட்டதில்லை.

"மாத்தட்டா?" என்றாள் சொர்ணக்கிளி.

"மாத்து."

"தலைவரே, சாமி சொன்னது கேட்டுச்சா?" என்றாள் மைனி கூட்டத்திலிருந்து. "சாவியைத் தாரும்."

வெள்ளத்துரை சாவியைத் தந்தார். அதோடு விட்டாளா அவள்? ஜாக்கியை அவர் கையில் கொடுத்து, முட்டுக் கொடுங்க மாமா என்றாள். மஞ்சளும் சந்தனமும் வழிய தவளை மூக்கைத் தூக்கியது. அவள் சக்கரத்தைக் கழற்றினாள், மேளக்காரர் என்ன அடிப்பதென்று தெரியாமல் கல்யாண மேளம் அடித்தார். மையத்து நட்டு துருவேறிப் பிடிவாதம் பிடித்தது, அவள் பானாவின்மேல் ஏறி நின்று குதித்தாள், மைனியும் கூட ஏறிக் குதித்தாள், நட்டு அசைந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். சக்கரத்தைத் தாங்குகிற கையின் போல்ட்டை உருவினாள். தண்டு மட்டும் கியர்ப்பெட்டிக்குள்ளிருந்து வரமாட்டேன் என்றது.

"மாடா, வந்ததுதான் வந்த, ஒரு இழு இழு."

சாமி எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, தண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. டக் என்று கையோடு வந்தது.

"அந்த அருவாளைக் குடு."

சாமியின் அரிவாளை வாங்கி, பழைய ரப்பரை ஒரே கீறாகக் கீறி உரித்து எறிந்தாள். ஊர் எட்டிப் பார்த்தது. ஒரு தேரியே உள்ளே போயிருக்கிறதே, உள்ளே என்னதான் இருக்கும் என்று தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். தேய்ந்து பளபளக்கிற இரும்பு மூட்டு, அதில் வட்டமாக உட்கார்ந்திருந்த குண்டுகள், அவ்வளவுதான். ஒரு பொடி மணல் இல்லை.

"கொட்டுனதெல்லாம் எங்க போச்சுளா?" என்றார் வெள்ளத்துரை.

"எங்கயோ போச்சு. மூஞ்சியை எடுங்க மாமா, வெளிச்சம் மறைக்கி."

உறை போனதும் அதன் பசி முழுசாகத் திறந்துகொண்டது. ஸ்ஸ்ஸ் என்றது ஓவென்று அலறியது. ஊரின் எல்லாச் சுவரிலிருந்தும் சிவப்பு நூல்கள் ஒரே நேரத்தில் கிளம்பின, தெருவுக்குத் தெரு கயிறுகள் புடைத்து வந்தன, தகரக்கூரை படபடத்தது, மாலைகள் அறுந்து பறந்து வந்தன, தலைவர் வேட்டி ஒரு பக்கமாக இழுபட அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடனைக் கூப்பிட்டார், மாடன் பக்கத்தில் நின்று கோயில் தூணைக் கட்டிப் பிடித்திருந்தான். சொர்ணக்கிளியின் பின்னல் அவிழ்ந்து கூந்தல் முழுக்க அந்த மூட்டை நோக்கி நீண்டு நின்றது. அவள் விடவில்லை. தண்டைத் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, கிரீஸ் டப்பாவுக்குள் கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டு அள்ளி, அதன் வாயில் திணித்தாள். "இதைத் தின்னு," என்றாள். "இதுதான் ஒனக்குச் சாப்பாடு. இத்தனை நாளா எவனும் இதைத் தரலை." இன்னொரு கை அள்ளித் திணித்தாள். இன்னொரு கை. குண்டுகளுக்கு இடையில், குழிகளுக்கு உள்ளே, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் திணித்தாள். அலறல் ஓவிலிருந்து ஸ்ஸுக்கு இறங்கியது, ஸ்ஸிலிருந்து ம்ம்முக்கு இறங்கியது, பசித்த பிள்ளை பால் குடித்துக்கொண்டே முனகுகிற மாதிரி. நூல்கள் தொய்ந்தன. வழியில் நின்ற கயிறுகள் பொலபொலவென்று தெருவில் உதிர்ந்தன.

புது ரப்பர் உறையை ஏற்றி, உள்பக்கக் கிளாம்ப்பை இறுக்கினாள். வெளிப்பக்கம் இறுக்குவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது, அதைச் செய்யாமல் விட்டால் உறை ஊதி வெடித்துவிடும்: உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். ரப்பரின் உதட்டுக்கடியில் விரலை விட்டு, மைனியிடம் தண்டை நீட்டினாள்.

"முதுகுல தட்டுங்க மைனி."

மூன்று பிள்ளை வளர்த்த கை, மடிப்பு மடிப்பான ரப்பரை மெதுவாகத் தட்டியது. தவளை ஏப்பம் விட்டது. ஆவணியிலிருந்து தின்ற தீனிக்கெல்லாம் சேர்த்து விட்ட ஏப்பம் அது. கூட்டத்தின் கூந்தலெல்லாம் பின்னால் பறந்தது, கோயில் மணி தானாக அடித்தது, தகரக்கூரை கழன்று மேலே போய், பம்பாய்க்காரர் பேர் எழுதின கம்பி அடைப்பையும் அள்ளிக்கொண்டு, தேரிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. சொர்ணக்கிளி விரலை உருவி, கிளாம்ப்பை இறுக்கினாள்.

சத்தமே இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஊர் தன் மூச்சுச் சத்தத்தைத் தானே கேட்டது.

தண்டைச் சொருகி, போல்ட்டை மாட்டி, நட்டை முறுக்கி, சக்கரத்தை ஏற்றி, ஹெட்லைட்டின்மேல் காய்ந்திருந்த சந்தனத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். பட்டனை அழுத்தினாள். தவளை ஒரு தடவை இருமியது, இரண்டாவது தடவை இருமியது, அப்புறம் உறுமியது. கறுக் இல்லை. கறுக் இல்லவே இல்லை. தரையில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்த சாமி, "போ தாயி," என்று சொல்லிவிட்டு மலையேறியது, கண் முழித்த சித்தப்பா, "யாருளா வண்டியை எடுத்தா?" என்றார்.

அவள் எடுத்துவிட்டாள். தெருவைத் தாண்டி, மேலத்தெருவைத் தாண்டி, தேரி அடிவாரத்தில் ஒரு முறுக்கு முறுக்கினாள், சிவப்பு மணல் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்தது, முன்சக்கரம் ஏறியது, மூட்டு மடங்கியது, நிமிர்ந்தது, மடங்கியது, நிமிர்ந்தது, ஒரு முனகல் இல்லை, புது ரப்பர் மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கியது, அவள் யானையின் முதுகில் ஏறினாள், யானையின் மத்தகத்தில் ஏறினாள், உச்சியில் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் மண்ணை விட்டன. கீழே ஊர் முழுக்க ஓடி வந்தது, மேளக்காரர் மேளத்தோடு ஓடி வந்தார், தன் வாய் என்ன கத்துகிறது என்று தெரியாமல் அவளும் கத்தினாள். நகைக்கு அழுத அம்மா, வாசலில் நின்று இரண்டு கையையும் வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் மேல்காற்று வீசியது. தேரி எப்போதும்போல ஒரு கை மணலை எடுத்து எல்லார் வாசலிலும் வைத்துவிட்டுப் போனது. வாரியலை எடுத்துத் தள்ளினார்கள், வெளியே. மறுநாள் காலையில் கோயில் முன்னால் பழையபடி வரிசை நின்றது, மண்பை இல்லாமல், காலி கேனும் காலி சிலிண்டருமாக. முதல் ஆளாக வெள்ளத்துரை. ஆஸ்பத்திரிக்கு, முதுகு பிடித்துக்கொண்டதாம். வண்டி வந்து நின்றதும் அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியின் கால்படியை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

சொர்ணக்கிளி ஆக்ஸிலேட்டரை ஒரு உறுமு உறுமவிட்டாள்.

"செருப்பைப் போட்டுட்டு ஏறும் மாமா. இது வண்டி."